மரவள்ளிக்கு மரியாதை தேடித் தந்த மகாராஜா

தை, மாசி மாதங்களில் கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் லாரிகள் மெல்ல மெல்ல வரும். பாரம் அதிகம். வளைவுகளும் அதிகம். லாரியில் இருப்பது நெல்லும் அல்ல, கரும்பும் அல்ல. மண் ஒட்டிய கிழங்கு. நம் ஊரில் குச்சிக்கிழங்கு என்பார்கள். புத்தகத்தில் மரவள்ளி. நாகர்கோவில் பக்கம் மரச்சீனி. கேரளத்தில் கப்பை.

கள்ளக்குறிச்சியிலும் சின்னசேலத்திலும் இதை அவித்துத் தின்னாத வீடு இருக்காது. சீவி வறுத்து, மிளகாய்த்தூள் தூவி, பொட்டலம் கட்டி விற்கிறார்கள். விரல் விரலாக நறுக்கி எண்ணெயில் பொரித்து, காரச் சட்னியில் தொட்டுத் தின்றால், பட்டணத்துக் கடையில் உருளைக்கிழங்கு வறுவலுக்குக் கொடுக்கும் பணம் மிச்சம்.

ஆனால் இந்தக் கிழங்கை விஷம் என்று ஜனங்கள் ஒதுக்கிய காலம் ஒன்று இருந்தது. அந்தப் பயத்தைப் போக்கியவர் ஒரு ராஜா. வாளேந்திப் போருக்குப் போகாத ராஜா. ஆண்டது ஐந்தே வருடங்கள். அவர்தான் திருவிதாங்கூர் மகாராஜா விசாகம் திருநாள் ராமவர்மா.

தாயில்லாப் பிள்ளை

1837-ம் வருடம் மே மாதம் 19-ந் தேதி அவர் பிறந்தார். நட்சத்திரம் விசாகம். அதனால் விசாகம் திருநாள் என்று பெயர். தாயார் ராணி கௌரி ருக்மிணி பாய். குழந்தை பிறந்த சிறிது காலத்திலேயே தாயார் கண்ணை மூடிவிட்டார்.

அரண்மனையில் பாலுக்கும் பட்டுக்கும் குறைவில்லை. ஆனால் பெற்றவள் மடி இல்லை. உடம்பும் நோஞ்சான். மற்றப் பிள்ளைகள் குதிரை ஏறும் வயதில் இவர் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். அதுவே பின்னால் நன்மையாக முடிந்தது.

அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் தாய்மாமன் சுவாதித் திருநாள். ஆம், கர்நாடக சங்கீதத்துக்குப் பல கீர்த்தனைகள் தந்த அதே சுவாதித் திருநாள்தான்! 1846-ல் அவர் காலமானார். இன்னொரு தாய்மாமன் உத்திரம் திருநாள் பட்டத்துக்கு வந்தார்.

அந்த ராஜ்யத்து முறை வேறு. அப்பாவுக்குப் பிறகு மகன் என்பது அங்கே இல்லை. மாமனுக்குப் பிறகு மருமகன். சகோதரி வயிற்றுப் பிள்ளைகளுக்குத்தான் சிம்மாசனம். விசாகம் திருநாளுக்கு ஓர் அண்ணன் இருந்தார். ஐந்து வயது மூத்தவர். பெயர் ஆயில்யம் திருநாள். முதலில் அண்ணன், பிறகு தம்பி. இதுதான் வரிசை.

கும்பகோணத்து வாத்தியார்

1849-ல் இளவரசர்களுக்குப் பாடம் சொல்ல ஒரு வாலிபர் வந்து சேர்ந்தார். கும்பகோணத்தைச் சேர்ந்த மராட்டியக் குடும்பத்துப் பிள்ளை. சென்னையில் படித்தவர். அவர் பெயர் மாதவராவ். பிற்காலத்தில் திருவிதாங்கூர், இந்தூர், பரோடா ஆகிய மூன்று சமஸ்தானங்களில் திவானாக இருந்து புகழ் பெற்ற சர் டி. மாதவராவ் அவரே.

நாலு வருடம் பாடம் நடந்தது. ஆங்கிலம், கணக்கு, சரித்திரம், பூமிசாஸ்திரம் எல்லாம். அண்ணனும் கெட்டிக்காரர்தான். ஆனால் தம்பிக்கு வாத்தியாரிடம் ஒட்டுதல் அதிகம். வாத்தியார் விட்டுப்போன பிறகும் படிப்பு நிற்கவில்லை. சென்னையில் வெளிவந்த ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு இளவரசர் கட்டுரை எழுதத் தொடங்கினார். அந்தக் காலத்து ராஜகுமாரர்கள் வேட்டைக்குப் போனார்கள். இவர் தபாலுக்குப் போனார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

செடிகொடிகளிலும் அவருக்கு ஆசை. எந்த மண்ணில் எது விளையும், எதற்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும், வெளிநாட்டுப் பயிர் நம் ஊரில் தேறுமா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்.

இருபது வருடக் காத்திருப்பு

1860-ல் அண்ணன் ஆயில்யம் திருநாள் பட்டத்துக்கு வந்தார். தம்பிக்கு வயது 23. அடுத்த ராஜா அவர்தான். ஆனால் அந்த நாள் எப்போது வரும்? இருபது வருடம் ஆயிற்று.

அடுத்து வரப்போகிறவன் என்ற பட்டம் சுகமானது அல்ல. பட்டத்தில் இருப்பவருக்குச் சந்தேகம். கோள் சொல்கிறவர்களுக்குக் கொண்டாட்டம். அண்ணனும் தம்பியும் ஒரே ஊரில் இருந்தார்கள். மனம் மட்டும் தூரம் போய்விட்டது.

ஆயில்யம் திருநாள் ஆட்சியைக் குறைசொல்ல முடியாது. திவான் மாதவராவ் துணையோடு சமஸ்தானம் செழித்தது. மாதிரி சமஸ்தானம் என்று வெள்ளைக்காரர்களே பாராட்டினார்கள். ஆனால் ராஜாவுக்கும் திவானுக்கும் பிணக்கு வந்தது. 1872-ல் மாதவராவ் பதவியை விட்டுப் போனார்.

அண்ணனுக்குப் பிடிக்காத அந்த மனிதரைப் பற்றித் தம்பி என்ன செய்தார்? அதே வருடத்தில், கல்கத்தாவிலிருந்து வந்த ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் தம் வாத்தியாரைப் புகழ்ந்து நீண்ட கட்டுரை எழுதினார்! தம்பியின் துணிச்சல் அப்படி. அரண்மனையில் அதை எப்படிப் படித்திருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

1875-ல் இன்னொரு இடி விழுந்தது. ராஜகுடும்பத்து ராணி லட்சுமி பாயின் கணவர் கேரளவர்மா. பெரிய கவிஞர், பண்டிதர். மகாராஜாவுக்கு விரோதமாகச் சதி செய்தார் என்று அவரைக் கைது செய்தார்கள். முதலில் ஆலப்புழையில் காவல். பிறகு ஹரிப்பாட்டு அரண்மனையில் காவல். தம்பி பக்கம் சாய்ந்தவர் என்ற சந்தேகமும் அதில் கலந்திருந்தது. கணவரை விட்டுவிடும்படி ராணியை வற்புறுத்தினார்கள். ராணி அசையவில்லை. முடியாது என்று சொல்லிவிட்டார். ஐந்து வருடம் கணவர் ஓரிடம், மனைவி ஓரிடம்.

இளையராஜா என்ன செய்ய முடியும்? ஒன்றும் செய்ய முடியாது. ஒரு வார்த்தை பேசினால் கேரளவர்மாவின் நிலை இன்னும் மோசமாகும். பேசாமல் இருந்தால் மனம் கேட்காது. அந்த ஐந்து வருடத்தையும் அவர் அப்படித்தான் கடத்தினார்.

பஞ்சம் வந்தது

அந்த நாட்களில்தான் தென்னாட்டையே உலுக்கிய தாது வருடப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை. மழை பொய்த்தது. சேலம் ஜில்லா மிக மோசமாக அடிபட்டது. பல லட்சம் பேர் மாண்டார்கள். ஊரை விட்டு ஊர் நடந்தவர்கள் வழியிலேயே விழுந்தார்கள். தாத்தா பாட்டி சொல்லக் கேட்டு நம் கிராமங்களில் இன்றைக்கும் அந்தப் பஞ்சத்தைப் பேசுகிறவர்கள் உண்டு.

மலையாளக் கரையில் மழை அதிகம். ஆனால் அங்கே நெல் விளையும் நிலம் குறைவு. மேடும் சரிவுமாக உள்ள பூமி. நெல்லுக்கு வெளியூரை நம்பித்தான் இருக்க வேண்டும். வெளியூரிலேயே நெல் இல்லையென்றால்?

மேட்டு நிலத்தில் விளைய வேண்டும். அதிகத் தண்ணீர் கேட்கக் கூடாது. வயிறு நிறைய வேண்டும். ஏழைக்குக் கட்டுப்படியாக வேண்டும். அப்படி ஒரு பயிர் ஏற்கனவே கேரளக் கரையில் கால் வைத்திருந்தது. யாரும் அதைப் பெரிதாகச் சட்டை செய்யவில்லை.

சிம்மாசனம் ஏறினார்

1880-ம் வருடம் மே 30-ந் தேதி ஆயில்யம் திருநாள் காலமானார். விசாகம் திருநாள் பட்டத்துக்கு வந்தார். வயது 43.

ஆரம்பத்திலேயே ஒரு காரியம் செய்தார். கேரளவர்மாவை விடுதலை செய்தார். ஐந்து வருடம் காத்திருந்த ராணியிடம் கணவர் திரும்பி வந்தார். அந்தக் கேரளவர்மா பின்னால் தம் பிரிவுத் துயரத்தை வைத்தே 1894-ல் மயூர சந்தேசம் என்ற காவியம் எழுதினார் என்பது தனிக் கதை.

அடுத்து, சென்னையில் பெயர் பெற்ற வி. ராமய்யங்காரைத் திவானாக அழைத்துக்கொண்டார். நியாய ஸ்தலங்களையும் போலீசையும் சீர்செய்தார்கள். 1883-ல் சமஸ்தானம் முழுவதும் நிலங்களை அளக்கும் பெரிய வேலை ஆரம்பமாயிற்று. யார் நிலம் எவ்வளவு, யார் என்ன வரி கட்ட வேண்டும் என்பதற்கு ஒழுங்கு வந்தது. வேலையில் கறார். சோம்பலை அவர் பொறுக்கமாட்டார்.

இத்தனைக்கும் நடுவில்தான் அந்தக் கிழங்கு.

பிரேசில் நாட்டு விருந்தாளி

மரவள்ளி நம் நாட்டுப் பயிர் அல்ல. தென் அமெரிக்காவில் பிறந்தது. பிரேசில் பக்கத்துப் பழங்குடி மக்கள் பல ஆயிரம் வருடங்களாக அதைப் பயிரிட்டார்கள். கப்பலேறி வந்த போர்ச்சுகீசியர் அதை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். நம் மேற்குக் கரைக்கும் கொண்டுவந்தார்கள். மிளகாயும் அவர்கள் கொண்டுவந்ததுதான். அதற்குமுன் நம் நாட்டுக் காரம் பெரும்பாலும் மிளகுதான்.

ஆக, கிழங்கும் மிளகாயும் ஒரே ஊர்க்காரர்கள். கடல் கடந்து வந்து நம் வீட்டு இலையில் மறுபடியும் சந்தித்துக்கொண்டன! குச்சிக்கிழங்குக்கு மிளகாய்ச் சட்னி அவ்வளவு பொருத்தமாக இருப்பதில் ஆச்சரியம் என்ன?

சரி, ஜனங்கள் ஏன் பயந்தார்கள்? பயத்தில் நியாயம் இருந்தது. மரவள்ளியில் ஒரு நச்சுச் சத்து உண்டு. கிழங்கை வெட்டும்போதும் நசுக்கும்போதும் அதிலிருந்து சயனைடு என்ற விஷம் பிறக்கிறது. இலையிலும் தோலிலும் அதிகம். கசப்புக் கிழங்கில் மிக அதிகம். பச்சை இலையைத் தின்ற ஆடுகள் சுருண்டு விழுவதை நம் விவசாயிகள் பார்த்திருக்கிறார்கள். ஆனால் தோலை உரித்து, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பயமில்லை. பிரேசில் மக்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். கசப்புக் கிழங்கைத் துருவிப் பிழிந்து, அந்த மஞ்சள் சாற்றை நெடுநேரம் கொதிக்கவைப்பார்கள். விஷம் ஆவியாகப் போய்விடும். மிஞ்சிய சாற்றில் மிளகாய் போட்டால் அதுவே தொட்டுக்கொள்ளும் குழம்பு! துக்குப்பி என்று அதற்குப் பெயர். விஷத்தையே சட்னி ஆக்கிய சாமர்த்தியம் அது.

நம் மேற்குக் கரைக்குக் கிழங்கு வந்தது. அதைப் பக்குவம் செய்யும் வித்தை கூடவே வந்து சேரவில்லை. அதனால் பயம் நின்றது, கிழங்கு பரவவில்லை.

ராஜா தட்டில் கிழங்கு

விசாகம் திருநாள் மரவள்ளியைப் பயிரிடும்படி குடிமக்களை ஊக்கப்படுத்தினார். அவர் காலத்தில்தான் அது திருவிதாங்கூரில் தோட்டம் தோட்டமாகப் பரவியது. இதை ஒட்டி ஒரு கதை கேரளத்தில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. விஷம் என்று ஜனங்கள் தயங்கியபோது, கிழங்கை அரண்மனையில் வேகவைக்கச் சொல்லி, எல்லோரும் அறியத் தாமே சாப்பிட்டுக் காட்டினாராம் மகாராஜா. ராஜா தின்று உயிரோடு இருக்கிறார் என்றால் பிரஜைக்கு என்ன பயம்?

கதை முழுதும் அப்படியே நடந்ததோ இல்லையோ, பாட்டிகளுக்கு அது பிடித்துவிட்டது. பிரான்சு தேசத்திலும் இதுபோல் ஒரு கதை உண்டு. அங்கே உருளைக்கிழங்கை ஜனங்கள் தொடமாட்டார்கள். பார்மாந்தியே என்பவர் உருளைத் தோட்டத்துக்குப் பகலில் காவல் போட்டு, இரவில் காவலை விலக்கிக்கொண்டாராம். காவல் இருந்தால் விலை உயர்ந்த பொருளாகத்தான் இருக்கும் என்று ஜனங்கள் திருடிக்கொண்டுபோய்ப் பயிரிட்டார்களாம். அங்கே தந்திரம். இங்கே தாமே முன்னால் நின்ற தைரியம்.

தொட்டுக்கொள்ள என்ன?

மரவள்ளியில் மாவுச்சத்துதான் அதிகம். நூறு பங்கில் சுமார் முப்பது பங்கு மாவு. புரதமோ ஒரு பங்கு அளவுதான். தனியாகத் தின்றால் வயிறு நிறையும், உடம்பு தேறாது. ருசியும் சப்பென்று இருக்கும். ஆகவே தொட்டுக்கொள்ள ஏதாவது வேண்டும். திருவிதாங்கூர் வீடுகளில் மீன் குழம்பு. அதற்கும் வழியில்லாத வீட்டில் காந்தாரி மிளகாய்ச் சட்னி.

காந்தாரி மிளகாய் விரல் நகம் அளவுதான் இருக்கும். காரம் உச்சந்தலைக்கு ஏறும். பத்து மிளகாய், எட்டுச் சின்ன வெங்காயம், சுண்டைக்காய் அளவு புளி, தேவையான உப்பு. எல்லாவற்றையும் அம்மியில் வைத்து நசுக்க வேண்டும். மைபோல அரைக்கக் கூடாது. வெங்காயம் பல்லில் படவேண்டும். மேலே இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெய். அடுப்பே வேண்டாம். ஐந்து நிமிடத்து வேலை.

கள்ளக்குறிச்சிப் பக்கம் காந்தாரி மிளகாய் எளிதில் அகப்படாது. கவலை இல்லை. பத்துக் காய்ந்த மிளகாயைக் காம்பு கிள்ளி வெந்நீரில் கால்மணி நேரம் ஊறவைக்க வேண்டும். அதோடு பத்துப் பல் பூண்டு, நெல்லிக்காய் அளவு புளி, உப்பு, சுண்டைக்காய் அளவு வெல்லம். அம்மியிலோ மிக்ஸியிலோ கெட்டியாக அரைத்து, இரண்டு கரண்டி நல்லெண்ணெயைக் காயவைத்து மேலே ஊற்றிக் கிளறினால் சிவப்புச் சட்னி தயார். வெல்லத்தை மறக்கக் கூடாது. காரத்தை அதுதான் கட்டும்.

குழந்தைகளுக்குக் காரம் ஆகாது என்றால் ஒரு வழி இருக்கிறது. புளிக்காத கெட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டி ஒரு மணி நேரம் தொங்கவிட வேண்டும். தண்ணீர் வடிந்து தயிர் வெண்ணெய்போல ஆகும். ஒரு கிண்ணம் தயிருக்கு ஒரு சிறு கரண்டி சிவப்புச் சட்னி, சிட்டிகை உப்பு. நன்றாகக் கலக்கினால் இளஞ்சிவப்பு நிறம் வரும். கிழங்கு வறுவலுக்கும் ஆகும். உருளை வறுவலுக்கும் ஆகும். பிள்ளைகள் ஆசைப்படும் பர்கர் பன்னைப் பிளந்து உள்ளே தடவினாலும் ஜோர்! பாட்டில் சாஸ் எதற்கு? தயிர் கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். தயிர் கலக்காத சட்னி குளிர்சாதனப் பெட்டியில் நாலைந்து நாள் தாங்கும்.

வறுவலுக்கும் ஒரு பக்குவம் உண்டு. மண்ணிறத் தோலோடு உள்ளே உள்ள தடித்த தோலையும் சேர்த்து உரிக்க வேண்டும். நடு நரம்பை எடுத்துவிட்டு விரல் நீளத்துக்கு நறுக்கி, உப்பு போட்ட நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைக்க வேண்டும். முழுதும் குழைய விடாமல், குச்சியால் குத்தினால் இறங்கும் பதத்தில் எடுத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, துணியில் பரப்பி ஈரம் போகவிட வேண்டும். பிறகு காய்ந்த எண்ணெயில் பொன்னிறம். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. வேகவைக்காமல் பச்சையாகத் தடித்த துண்டுகளை எண்ணெயில் போடுகிறவர்கள் உண்டு. அது சரியல்ல. காரணம் மேலே சொன்ன விஷம்தான். கிழங்கு கசந்தால் ருசி பார்த்துக்கொண்டிருக்காமல் எறிந்துவிட வேண்டும்.

தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும். கருநீலக் கோடு விழுந்துவிட்டால் சமையலுக்கு ஆகாது. அன்றன்று வாங்கி அன்றன்று சமைப்பதே நல்லது.

ஐந்து வருடத்தோடு முடிந்தது

விசாகம் திருநாள் நெடுநாள் ஆளவில்லை. சிறு வயதிலிருந்தே தேகம் பலவீனம். 1885-ம் வருடம் ஆகஸ்டு 4-ந் தேதி காலமானார். வயது 48. இருபது வருடம் காத்திருந்து பெற்ற சிம்மாசனத்தில் ஐந்து வருடம்தான் உட்கார முடிந்தது. நில அளவை வேலை பாதியில் நின்றிருந்தது. அவருக்குப் பின் மருமகன் ஸ்ரீமூலம் திருநாள் பட்டத்துக்கு வந்து 1924 வரை ஆண்டார். அளவையும் வரித்திட்டமும் அவர் காலத்தில் தொடர்ந்தன.

கிழங்கு மட்டும் நிற்கவில்லை. ஒரு குச்சியை ஒடித்து ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி நட்டால் போதும். விதை வாங்கப் பணம் வேண்டாம். பக்கத்து வீட்டில் கேட்டால் குச்சி கிடைக்கும். பத்து மாதத்தில் கிழங்கு. இப்படி வேலி தாண்டி வேலி தாண்டி அது போய்க்கொண்டே இருந்தது.

அதன் அருமை முழுதாகத் தெரிந்தது இரண்டாம் உலக யுத்தத்தின்போதுதான். 1942-ல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்தது. பர்மா அரிசி நின்றது. அந்த அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூர் தவித்தது. ரேஷன் அரிசி போதவில்லை. அப்போது ஏழைகள் வீட்டு அடுப்பில் வெந்தது மரவள்ளி. ராஜா இறந்து ஐம்பத்தேழு வருடம் கழித்து அவர் பரப்பிய கிழங்கு அவர் நாட்டு ஜனங்களின் பசியை ஆற்றியது.

சேலம் வழியாக நம் ஊருக்கு

அதே யுத்தம்தான் கிழங்கை நம் பக்கம் இழுத்து வந்தது. வெளிநாட்டு மாவும் ஜவ்வரிசியும் வருவது நின்றது. சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார் கருவாட்டு வியாபாரத்துக்காக அடிக்கடி கேரளம் போய் வருவார். அங்கே போபட்லால் ஷா என்பவரைச் சந்தித்தார். ஷா மலேயாவில் பினாங்கிலிருந்து வந்தவர். மரவள்ளியிலிருந்து மாவும் ஜவ்வரிசியும் எடுக்கும் வித்தை தெரிந்தவர். இருவரும் சேர்ந்து 1943 வாக்கில் சேலத்தில் அந்தத் தொழிலைத் தொடங்கினார்கள். கையால் மாவைக் குலுக்கி, உருட்டி, வறுத்து ஜவ்வரிசி செய்த காலம் அது.

தொழில் வளர்ந்தது. கிழங்குக்குத் தேவையும் வளர்ந்தது. சேலத்தைச் சுற்றியும், கிழக்கே சின்னசேலம், கள்ளக்குறிச்சி வரையிலும் மானாவாரிக் காடுகளில் குச்சி நட்டார்கள். 1981-ல் சேலத்தில் ஜவ்வரிசி உற்பத்தியாளர்களுக்காக சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பாயசத்தில் மிதக்கும் அந்த வெள்ளை முத்து நம் பக்கத்து மண்ணில் விளைந்ததுதான்.

மலைக்கும் ஏறியது கிழங்கு. கல்வராயன் மலையில் வாழ்கிறவர்களை மலையாளிகள் என்பார்கள். பெயரைக் கேட்டுக் கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. மலையை ஆளுகிறவர்கள் என்று பொருள். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று தங்கள் முன்னோரைப் பற்றிச் சொல்வார்கள். அந்த மலை நெடுங்காலம் மூன்று ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. நாடெங்கும் ஜமீன்கள் ஒழிந்த பிறகும் அங்கே ஜாகீர் ஒழியவில்லை. 1976-ல்தான் அரசாங்கம் மலையை ஏற்றது. சாமை, தினை விதைத்த சரிவுகளில் இன்று மரவள்ளியும் நிற்கிறது. சாமை வீட்டுக்கு, மரவள்ளி காசுக்கு. விலை இறங்கினால் குழந்தை பள்ளிக்கூடச் செலவுக்கும் கை பிசைய வேண்டியதுதான்.

தென்னாற்காடு ஜில்லாவில் இருந்த கள்ளக்குறிச்சி 1993-ல் விழுப்புரம் மாவட்டத்தோடு பிரிந்து, 2019-ல் தனி மாவட்டம் ஆயிற்று. ஜில்லா மாறியது. கிழங்கு மாறவில்லை.

திருவனந்தபுரத்துக்கு அருகே ஸ்ரீகார்யத்தில் 1963-ல் மத்திய அரசாங்கம் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவியது. அங்கே உண்டாக்கிய ஒரு ரகத்தை 1977-ல் விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். அதற்கு ஸ்ரீவிசாகம் என்று மகாராஜாவின் பெயரையே வைத்தார்கள். சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு அதிகம் போவது அதே நிலையத்தின் இன்னொரு ரகம். எச்-226 என்ற வெறும் நம்பர்தான் அதற்குப் பெயர்.